கடைசி பாகம் மட்டும் சொல்லாதே

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிடுச்சு, பசி மட்டும் போகமாட்டேங்குது. உன் முட்டி வலி எப்படி இருக்கு? மாடிப்படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறு.

சுரங்கப்பாதை வேலை ஜரூரா நடக்குது. பகல் முழுக்க மலைக்குள்ள வெல்டிங் பண்றேன். இங்க போன் எடுக்காது, சாமான் லாரியிலதான் தபால் வரும், அதே லாரியிலதான் போகும்னு உனக்குத் தெரியும். அதனால இடத்தை வீணாக்காம விஷயத்துக்கு வரேன்.

லாரிக்காரர் கொண்டு வந்த பேப்பர்ல ஒரு விளம்பரம். நம்ம தியேட்டர்ல 'சாம்பல் கோள்' படத்தை முதல் பாகத்துல இருந்து மாசத்துக்கு ஒண்ணா ஞாயிற்றுக்கிழமைகள்ல வரிசையா போடப் போறாங்களாம். நாலும் முடிஞ்சதும் புதுசா வர்ற அஞ்சாவது, அதாவது கடைசி பாகம். பார்த்ததும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டேன். நான் மூணு பாகம் பார்த்தவன். நாலாவது வந்தப்ப இங்க வந்து மாட்டிக்கிட்டேன். மூணாவது முடியறப்ப கேப்டன் சாம்பல் குழிக்குள்ள விழுறார், கப்பல் கதவு மூடிக்குது. அதோட சரி. அன்னையில இருந்து அந்த மனுஷன் என் மண்டைக்குள்ள விழுந்துக்கிட்டே இருக்கார்.

அக்கா, நீ போய் பார்த்து எழுதணும். நாலாவதை மட்டும் பார்த்தா தலையும் புரியாது வாலும் புரியாது, ஒண்ணுல இருந்து பாரு. முடியாதுன்னு சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். மடிச்ச துணியைப் பிரிச்சு திரும்ப மடிக்கிறே. இங்க கேம்ப்ல எல்லாருக்கும் நான் கதை சொல்லிச் சொல்லி பைத்தியம் பிடிக்க வச்சிருக்கேன். வெடி வைக்கிற அண்ணனும் சமையல்காரரும் உன் கடிதத்துக்கு இப்பவே காத்திருக்காங்க. சாப்பாட்டுக் கொட்டகையில சத்தமா படிப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை. கடைசி பாகத்தைப் பத்தி மட்டும் ஒரு வரி எழுதக் கூடாது. அதை நான் வருஷக் கடைசி லீவுல வந்து என் கண்ணால பார்க்கணும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தம்பி

*

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கு. மழை வர்றதை எனக்கு முன்னாடியே சொல்லிடுது, அதுவரைக்கும் லாபம். நீ வெந்நீர் குடி. இருமல் போயிடுச்சுன்னு குளிர்ல தலையை நனைக்காதே.

முதல் பாகம் பார்த்தேன். உனக்காக மட்டும்தான். பல் ஆஸ்பத்திரியில வாரம் பூரா பிளாஸ்டர்லயும் மெழுகுலயும் பல் செட் செஞ்சு கண்ணு பூத்துப் போறவளுக்கு ஞாயித்துக்கிழமையும் வாயைத் திறந்து காட்டினா எப்படிடா? அந்தப் பிராணி வாயைப் பிளந்ததும் தியேட்டரே அலறுது. எனக்கு வேலைதான் ஞாபகம் வந்துது. மூணு வரிசை முன்பல், கடைவாய்ப் பல் ஒண்ணு கூட கிடையாது. இதை வச்சுக்கிட்டு எதை மெல்லும்? மனுஷனை முழுசா முழுங்கினா செரிக்க வேண்டாமா?

இதை வாய்விட்டே கேட்டுட்டேன் போல. பக்கத்து சீட்டுல இருந்தவர் குனிஞ்சு, "அது மெல்லாதுங்க, கரைச்சுக் குடிக்கும். ரெண்டாம் பாகத்துல வரும்"னார். நீ ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சிருந்தேன். உனக்கு ஒரு பெரியண்ணன் இருக்கார்.

கதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: ஒரு கப்பல். அதுல கோபக்கார கேப்டன், எப்பவும் கை பூரா கறையோட ஒரு இன்ஜின்காரி, உருண்டு உருண்டு வர்ற ஒரு குப்பைத்தொட்டி. ஏதோ கிரகத்துல இறங்குறாங்க. எதுக்குன்னு சொல்லலை. பாதியில ஒருத்தன் செத்துப் போனான், கொஞ்ச நேரத்துல அவனே திரும்ப வந்தான். அது அவன் அண்ணனாம், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். ஒரே மூஞ்சியா ரெண்டு பேரை வச்சா பார்க்கிறவங்க என்ன பண்றது? கப்பல் எப்படி ஓடுதுன்னு கேட்டேன். பெரிய கண்ணாடி வச்சு வெளிச்சத்தைக் குவிச்சு ஓட்டுறாங்கன்னார். நல்லா பொறுமையா சொன்னார்.

வேற விசேஷமில்லை. கேம்ப்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருப்பேன்னு நம்பி நேரா சண்டைக்கு வரேன்.

அது குப்பைத்தொட்டி இல்லை. அது கப்பலோட மூளை. அதுக்கு பதினாறு மொழி தெரியும். நீ அப்படி எழுதினதை நான் படிச்சதும் வெடி அண்ணன் சிரிச்சு சிரிச்சு டம்ளரைக் கீழ போட்டுட்டார். இப்ப கேம்ப்ல எல்லாரும் அதை குப்பைத்தொட்டின்னுதான் சொல்றாங்க. எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?

அடுத்தது, அந்த பக்கத்து சீட்டுக்காரர். அவர் உன் காதுல பூ சுத்துறார். கப்பல் கண்ணாடியால ஓடலை. சாம்பலாலதான் ஓடுது. அதுக்காகத்தானே அந்தக் கிரகத்துல இறங்குறாங்க, படத்துக்குப் பேரே அதுதானே. அந்தக் கண்ணாடி வெறும் ஜன்னல். படம் தெரியாதவங்க படம் தெரிஞ்ச மாதிரி பேசினா எனக்கு மண்டை காயும். அடுத்த தடவை பார்த்தா நான் சொன்னதைச் சொல்லு.

ரெண்டாம் பாகத்துல பனிச்சண்டை வரும். கண் கொட்டாம பாரு, தூங்கிடாதே.

சமையல்காரர் உன்னை விசாரிச்சார். அவருக்கு கடைவாய்ப் பல் வலி. என்ன செய்யலாம்னு எழுது.

உன் தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

சமையல்காரரை வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில வாய் கொப்புளிக்கச் சொல்லு. கன்னம் வீங்கினா லாரியில ஏத்தி டாக்டர்கிட்ட அனுப்பு, சமையலுக்கு ஆள் இல்லைன்னு அவரைப் பிடிச்சு வைக்காதே.

ரெண்டாவதும் மூணாவதும் பார்த்தாச்சு. சீட்டு ரெண்டு தடவையும் அதே வரிசையில அமைஞ்சுது. டிக்கெட் கொடுக்கிறவர் அப்படித்தான் கொடுக்கிறார், நான் கேட்கலை.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் விடலை. எரிஞ்சு முடிஞ்சதுதானே சாம்பல், அதை எப்படி மறுபடி எரிப்பாங்கன்னு உங்க தம்பியைக் கேளுங்கன்னார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. அவர் கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்ணி லென்ஸ் தேய்க்கிறவர். அதனால வெளிச்சத்தைப் பத்தி ஏதோ தெரிஞ்சுதான் சொல்வார். நான் பல், நீங்க கண்ணு, நடுவுல மூக்குக்கு மட்டும்தான் ஆள் இல்லைன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல முன் வரிசையில திரும்பிப் பார்த்தாங்க.

பனிச்சண்டை நல்லா இருந்துது. அவ்வளவு குளிர்ல ஒருத்தரும் காதை மூடலை. இன்ஜின்காரி தனியா உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுற இடம் எனக்குப் பிடிச்சுது. அவளுக்கு யாராவது ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கலாம். கேப்டன் குழியில விழுந்தப்ப, உண்மையைச் சொல்றேன், எனக்கே பக்குன்னுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் அவர் பிழைக்கக் கூடாதுன்னு சொல்றார். செத்தவங்களைத் திரும்பக் கொண்டு வந்தா செத்துப்போனதுக்கு மரியாதை இல்லையாம். அவர் மனைவி போய் ஆறு வருஷமாச்சாம்.

டாக்டரம்மா, "திங்கட்கிழமை வந்தா பாட்டு முணுமுணுக்கிறியே, என்ன விஷயம்"னு கேட்டாங்க. நான் முணுமுணுக்கவே இல்லை. வாசலுக்குப் போடுற பச்சைச் செருப்பு அறுந்து போச்சு, புதுசா ஒரு ஜோடி வாங்கினேன். இதையெல்லாம் எதுக்கு உனக்கு எழுதுறேன்னு தெரியலை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

சமையல்காரர் பல் பரவாயில்லை. உனக்கு ஆயிரம் நன்றி சொன்னார். புதுச் செருப்பு கடிச்சா எண்ணெய் தடவு.

கேப்டன் பிழைக்கக் கூடாதாமா? யாரு அந்த ஆள்? அவர் பெண்டாட்டி போனதுக்கு எனக்கு வருத்தம்தான், ஆனா அதுக்கு எங்க கேப்டன் என்ன பண்ணுவார்? சாம்பலை எப்படி எரிப்பாங்கன்னு கேட்டாரே, அது வேற கிரகத்து சாம்பல். அங்க எல்லாம் தலைகீழ். இதைச் சொல்லு, வாயை மூடிக்குவார். வயசானவரா? வயசானவர்னா போகட்டும்னு விட்டுடறேன்.

எனக்கு இப்ப ஒரு புதுத் தலைவலி. கேம்ப்ல ஒருத்தனுக்கும் படத்து மேல கவனம் இல்லை. நான் பனிச்சண்டையைப் படிக்கும்போது கொட்டாவி விடுறாங்க. பக்கத்து சீட்டுக்காரர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்றாங்க. வெடி அண்ணன் "அந்த மூக்கு வரியை இன்னொரு தடவை படி"ங்கிறார். சமையல்காரர், அவர் என்ன சட்டை போட்டுக்கிட்டு வந்தார்னு அக்கா எழுதலையான்னு கேட்கிறார். கேப்டன் என்ன சட்டைன்னு கேட்டாலும் அர்த்தம் இருக்கு. நான் கடுப்பாகி கடிதத்தை மடிச்சு வச்சுட்டேன். வெடி அண்ணன் என் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டா"ன்னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே போறார். வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

நாலாம் பாகத்துக்குப் போகும்போது பேனாவும் பேப்பரும் எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணு விடாம எழுது. காத்துக்கிட்டு இருக்கேன்.

உன் தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு கடிக்கலை. உடம்பும் நல்லாத்தான் இருக்கு. முட்டி கூட இப்பல்லாம் ரொம்பப் படுத்துறதில்லை.

நாலாம் பாகம் பார்த்தேன். கேப்டன் உயிரோடதான் இருக்கார், நீ நிம்மதியா தூங்கு. குழிக்குள்ள ஒரு வலை இருந்துது. அதுல விழுந்து தொங்கிக்கிட்டு இருந்தார். குப்பைத்தொட்டி வந்து அவரை இழுத்துச்சு. அப்பதான் திரை இருட்டாயிடுச்சு. மெஷின்ல ஏதோ கோளாறு. சரியாகும்போது சொல்றோம்னாங்க. எல்லாரும் வெளிய வந்து நின்னோம். எதிர்ல ஒரு டீக்கடை. சரின்னு ரெண்டு பேரும் போய் உட்கார்ந்தோம்.

திரும்ப உள்ள போனப்ப யாரோ யாருக்கோ மாலை மாதிரி எதையோ போட்டுக்கிட்டு இருந்தாங்க, எல்லாரும் அழுதாங்க, படம் முடிஞ்சுது. நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. இன்ஜின்காரிக்கு ஒரு கை கட்டுப் போட்டிருந்துது.

நீ கேட்டதுக்குப் பதில்: வயசானவர் இல்லை. என்னை விட நாலு வயசு கூட. நீல சட்டை. சமையல்காரர்கிட்ட சொல்லு.

உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு நினைச்சேன். சரி, இன்னொரு கடிதத்துல கேட்கிறேன். அம்மா அப்பா போனதுல இருந்து நாம ரெண்டு பேரும் ஒருத்தரைக் கேட்காம ஒருத்தர் எதுவும் செஞ்சதில்லை, இல்லையா. அதனாலதான்.

நல்லா தூங்கு.

உன் அக்கா

*

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இல்லை. உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசு.

மூணு வருஷம் காத்திருந்தேன் அக்கா. ஒரு வலை, ஒரு கட்டுப் போட்ட கை, ஒரு மாலை. இதுதான் எனக்குக் கிடைச்ச நாலாம் பாகம். ஒரு டீ குடிக்க ஒரு படத்து நீளமா ஆகும்? என்னதான் பேசினீங்க அவ்வளவு நேரம்? அந்த ஆளுக்காவது பொறுப்பு வேண்டாமா, படம் ஓட ஆரம்பிச்சுதான்னு எட்டிப் பார்க்க? இவரெல்லாம் ஒரு ரசிகர். நீ இனிமே பக்கத்து சீட்டுக்காரர் பேச்சையே எனக்கு எழுதாதே. வேற சீட்டு மாத்தி உட்காரு.

நான் இதைப் படிச்சு முடிச்சதும் கொட்டகையில எல்லாரும் கை தட்டினாங்க. நாலாம் பாகம் போச்சேன்னு ஒருத்தனுக்கும் கவலை இல்லை. சமையல்காரர் அன்னைக்கு எல்லாருக்கும் இனிப்பு செஞ்சார், எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். நீல சட்டைன்னு சொன்னதுக்கு இவ்வளவு சந்தோஷமா?

கடைசி பாகம் அடுத்த மாசம் வருதுன்னு லாரிக்காரர் சொன்னார். மறுபடி சொல்றேன். பார்க்கிறதுன்னா பாரு. எனக்கு மூச்சு விடக் கூடாது.

கேட்கணும்னு எழுதியிருந்தியே, பழைய அலமாரி விஷயமா? வித்துடு.

உன் தம்பி

*

ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

கடைசி பாகம் பார்த்துட்டோம். முடிவுல கேப்டன் யாரையும் கொல்லலை, அவரையும் யாரும் கொல்லலை. கப்பலை இன்ஜின்காரிகிட்ட கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டார். கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினார். விளக்கை அணைக்காம படுத்துக்கிட்டார், இன்னும் யாரோ வர வேண்டியிருக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

நீ சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னே. பக்கத்து சீட்டுக்காரர் பேச்சை எடுக்கக் கூடாதுன்னும் சொன்னே. ஆனா ஒண்ணைச் சொல்லாம இன்னொண்ணைச் சொல்ல எனக்கு வழி தெரியலை. நேரா ஆரம்பிக்க வெட்கமா இருந்துது, அதான் படத்துல இருந்து ஆரம்பிச்சேன்.

அவர் என்னைக் கல்யாணம் செஞ்சுக்கலாமான்னு கேட்டார். எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சுன்னேன். நான் கண்ணு டெஸ்ட் பண்றவன், அதெல்லாம் தெரிஞ்சுதான் கேட்கிறேன்னார். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்டா சொல்லத் தெரியலை. நான் எதைக் கேட்டாலும் கேலி பண்ணாம பதில் சொல்றார். அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா எனக்கு வீட்டுக்கு எப்ப போவோம்னு தோணலை.

உன்னைக் கேட்காம சொல்ல மாட்டேன்னுட்டேன். இது பயம் இல்லை. உன் சந்தோஷம் இல்லாம எனக்கு இது பாதிதான். நீ சரின்னா சரி. வேண்டாம்னா, ஏன்னு கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வர்ற வரைக்கும் நான் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பேன், அதனால சீக்கிரம் எழுது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கார், அதனால சுருக்கமா.

படிச்சுப் படிச்சு சொன்னேன் எனக்கு எழுதாதேன்னு. அதுக்கப்புறமும் எழுதினா என்ன அர்த்தம்? எனக்கு ரத்தம் கொதிக்குது. நான் இதைப் பத்தி பேசவும் தயாரா இல்லை, கேட்கவும் தயாரா இல்லை. லீவுல வந்து நேர்ல பார்த்துக்கிறேன். அதுவரைக்கும் நீயும் வாயைத் திறக்காதே, அந்த ஆளையும் திறக்க வேண்டாம்னு சொல்லு.

மத்தபடி நான் நல்லா இருக்கேன். முட்டிக்குத் தைலம் தேய்.

உன் தம்பி

*

செப்டம்பர் 30

தம்பிக்கு,

பதில் எழுத நாள் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில வேலை அதிகம்.

நீ சொன்னபடி அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டார். உங்க தம்பி மேல கோபப்படாதீங்கன்னார். நான் கோபப்படலை. உன் இஷ்டத்தை நீ சொன்னே.

இப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருக்கேன். நீ லீவுக்கு வந்தா படுக்க மெத்தை உறை துவைச்சு வச்சிருக்கேன். அலமாரியை விக்கலை.

அக்கா

*

அக்டோபர் 17

என் அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கியான்னு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நல்லா இருக்கியா?

உன் கடிதத்தைக் கொட்டகையில படிச்சேன். ஒருத்தரும் சிரிக்கலை. சமையல்காரர் கரண்டியைக் கீழ வச்சுட்டு, "நீ அக்காவுக்கு என்னடா எழுதினே"ன்னு கேட்டார். கடைசி பாகத்தைப் பத்தி எழுதாதேன்னு எழுதினேன்னேன். "அதுக்கு எதுக்கு அந்த ஆள் கண்ணாடியைத் துடைச்சார்"னு வெடி அண்ணன் கேட்டார்.

அக்கா, உன் ஜூலை கடிதத்தை நான் படிக்கவே இல்லை. 'கடைசி பாகம் பார்த்துட்டோம்'ங்கிற முதல் வரியைப் பார்த்ததும் கண்ணை மூடி மடிச்சுட்டேன். இந்தப் பசங்க திருடிப் படிச்சு எனக்கு முடிவைச் சொல்லிடுவாங்கன்னு இரும்புப் பெட்டியில போட்டு, மூடியை வெல்டிங் வச்சு அடைச்சுட்டேன். பூட்டு போட்டா உடைப்பாங்கன்னு நினைச்சேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனம். நான் உனக்கு எழுதின கோபம் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான்.

வெடி அண்ணன் பெட்டியை வெடி வச்சுத் திறக்கலாம்னார். வேண்டாம்னு நானே உட்கார்ந்து அறுத்தேன். உள்ள இருக்கிற பேப்பர்ல ஒரு பொறி பட்டாலும் போச்சுன்னு ஒவ்வொரு அங்குலமா தண்ணி ஊத்தி ஊத்தி அறுத்தேன். அவ்வளவு பொறுமையா நான் எந்த வேலையும் செஞ்சதில்லை. அண்ணன்தான் முதல்ல வாங்கிப் படிச்சார். அப்புறம் மேல இருந்த நாலு வரியை மட்டும் கத்தரியால வெட்டித் தன் பையில வச்சுக்கிட்டு, "இது படம். உனக்கு வேண்டாம். மிச்சத்தைப் படி"ன்னு கொடுத்தார்.

படிச்சேன். ஆகஸ்டுல நான் எழுதினதை நீ எப்படிப் படிச்சிருப்பேன்னு நினைச்சுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துடுச்சு, எல்லாரும் பார்த்தாங்க, பார்க்கட்டும். நீ தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே. நான் பெட்டியை அடைச்சுட்டு நிம்மதியா சாப்பிட்டிருக்கேன்.

அப்புறம் அண்ணன்கிட்ட போய் அந்த நாலு வரியையும் கொடுங்கன்னேன். "முடிவுடா, யோசிச்சுக்கோ"ன்னார். எங்க அக்கா எழுதினதுல ஒரு கடிதத்தை விட்டதுக்கே இந்த கதி, இனிமே எதையும் விடமாட்டேன்னு சொல்லி வாங்கிப் படிச்சுட்டேன். எனக்கு முடிவு தெரிஞ்சு போச்சு. பரவாயில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்டவன் கடைசியில கோட்டைக் கழட்டி மாட்டிட்டுப் படுத்துக்கிறானாங்கிறது மட்டும் கொஞ்சம் உறுத்துது. இந்த முடிவு சரியா தப்பான்னு கேம்ப்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு.

இப்ப உன் கேள்விக்கு வரேன். சரி அக்கா. நூறு தடவை சரி. உன் சந்தோஷத்துக்கு நான் சம்மதம் சொல்றதே அதிகப்பிரசங்கித்தனம். ஆனா கேட்டுட்டே, அதனால சொல்றேன். கப்பல் சாம்பலாலதான் ஓடுது, அதுல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்னு அவர்கிட்ட சொல்லு. மத்த எல்லாத்துலயும் அவர் சொல்றதுதான். இந்தக் கடிதம் கிடைச்ச உடனே எழுந்து போ. கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டுப் போ.

உன் முட்டாள் தம்பி

*

நவம்பர் 4

என் செல்லத் தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். இப்படி எழுதி ரொம்ப நாளாச்சு.

உன் கடிதம் வந்தப்ப கீழ் வரிசைப் பல் செட் ஒண்ணு பாதியில நின்னுது. அதை அப்படியே மேஜையில வச்சுட்டு, கையில பிளாஸ்டரோட, ஏப்ரன் கூட கழட்டாம கண்ணாடிக் கடைக்குப் போயிட்டேன். அவர் ஒரு பாட்டியம்மாவுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் கையில இருந்த குச்சி எந்த எழுத்துக்கும் போகாம அப்படியே நின்னுடுச்சு. என் தம்பி சரின்னு சொல்லிட்டான்னேன். அந்த அம்மா, "எனக்கு அது தெரியலையே, கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா"ன்னாங்க. அவர் சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம நாற்காலியில உட்கார்ந்துட்டார்.

உன் மேல கோபம் இல்லை. இருந்துது, ரொம்பவே இருந்துது. இப்ப இல்லை. பெட்டியை அறுத்ததை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். மூணு தடவை கேட்டார். சாம்பல் விஷயத்துக்குப் பதில் தனியா எழுதுறாராம், படம் வரைஞ்சு எழுதுவார், நீ தயாரா இரு.

கல்யாணம் நீ லீவுக்கு வந்த பிறகுதான். பதிவு அலுவலகத்துல கையெழுத்து போட உனக்கும் வெடி அண்ணனுக்கும் இடம் வச்சிருக்கோம். சமையல்காரரையும் கூட்டிட்டு வா, பல்லை இலவசமா பார்த்துடறேன்.

ஒரு விஷயம் சொல்லணும். நீ எனக்காக அந்த நாலு வரியைப் படிச்சுட்டேன்னு எழுதினதைப் பார்த்ததும் எனக்கு சங்கடமாப் போச்சு. தம்பி, அந்தக் கோட்டு, ஆணி, விளக்கு எல்லாம் நானா எழுதினது. படத்துல அப்படி ஒண்ணுமே இல்லை. கேப்டன் கடைசியா ஒரு கதவுகிட்ட போய் நின்னார், அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அப்பதான் பக்கத்துல இருந்து அந்தக் கேள்வி வந்துது. அதுக்கப்புறம் நான் திரையைப் பார்க்கலை. விளக்கு போட்டு எல்லாரும் எழுந்து போன பிறகும் நாங்க உட்கார்ந்தே இருந்தோம். பெருக்க வந்தவங்க எழுப்பி விட்டாங்க. உன்கிட்ட முடிவு தெரியாதுன்னு எழுதினா ஏன்னு கேட்பே, அதனாலதான் ஒண்ணு போட்டு நிரப்பினேன்.

அவரையும் கேட்டுப் பார்த்தேன். அவர் படம் முழுக்க இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறதுன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தாராம், இடைவேளைக்குப் பின்னாடி ஒண்ணும் பார்க்கலையாம். இன்னொரு தடவை போகலாமான்னேன். உன் தம்பி வராம அந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டார். தியேட்டர்ல இன்னும் ஞாயித்துக்கிழமை பகல் காட்சி ஓடுது. ஒரே வரிசையில மூணு சீட்டு சொல்லி வச்சிருக்கேன், நீ நடுவுல உட்காரு. கேப்டன் கதவுக்குள்ள போனாரா திரும்பினாரான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

உன் அக்கா